இன்னும் ஒரு டேக்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. அதனால் நண்பர்களுக்கெல்லாம் அவன் லென்ஸ். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும் என்பதால், தேய்த்ததை அளந்து, மறுபடி தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகே முன்பக்கம் அனுப்புவான். கடை முதலாளிக்கு இந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும். வீட்டில் மனைவிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அரை நாள் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருப்பவனோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமா?

அவளுடைய தம்பிதான் இடி. மீன் சந்தையில் ஏலம் போடுகிறவன். மைக்கைத் தொடமாட்டான். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்று வாயைத் திறந்தானென்றால் கொட்டகையின் மறுகோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட விலை சொல்ல ஓடி வருவான். அந்தக் குரலை நம்பித்தான் பள்ளிக்கூடத்து நாட்களில் இரண்டு பேரும், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். இடி பாடுவான். அதைப் பாட்டு என்று சொன்னால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். உறுமுவான் என்று வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். டிஸ்டார்ஷன் பெடலைக் காலால் மிதித்துவிட்டுத் தந்தியைத் தட்டினால், சத்தம் நார் நாராகக் கிழிந்து வரும்.

டிரம்ஸ் அடித்தவன் கடல் தாண்டிப் போய்விட்டான். பேஸ் வாசித்தவன் கல்யாணமான கையோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டான். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேரும், சொந்தமாகக் கட்டிய நான்கு பாட்டும்தான். நடுவில் லென்ஸ், இடியின் அக்காவையே கல்யாணம் செய்துகொண்டான். அதுவரை சும்மா வாய்வார்த்தைக்கு ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிஜமாகவே மச்சான்கள் ஆனார்கள். நான்கு பாட்டையும் ஒருநாள் ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சோடு சரி.

ஒரு மத்தியானம் இடி கண்ணாடிக் கடைக்கு வந்தான். சந்தையிலிருந்து நேராக வந்திருந்ததால் ரப்பர் பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. பின்கட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“என்னடா, கண்ணு தெரியலையா?” என்றான் லென்ஸ், மிஷினிலிருந்து பார்வையை எடுக்காமல்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. தொண்டைதான்.”

“கத்திக் கத்திக் கட்டியிருக்கும். வெந்நீர் குடி.”

“ரெண்டு மாசமா வெந்நீர்தான் குடிக்கிறேன். போன வாரம் குழாய உள்ள விட்டுப் பாத்தாங்க. ஒரு துண்டு கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. இன்னைக்கு முடிவு வந்துடுச்சு.”

லென்ஸ் மிஷினை நிறுத்தினான். “கேன்சரா?”

“இல்ல, காதல்.” இடி சிரிக்கப் பார்த்தான். “ஆமாடா. கேன்சர்தான்.”

டாக்டர் சொன்னதை அவன் அப்படியே ஒப்பித்தான். சீக்கிரம் அறுத்தால் குரல்பெட்டியில் பாதியை விட்டுவைக்கலாம். கரகரவென்றாவது பேச்சு வரும். ஏலமும் பாட்டும் இனி நடக்காது. அடுத்த மாத ஆரம்பத்திலேயே தேதி கொடுத்திருக்கிறார்கள்.

“அதுக்குள்ள நாலு பாட்டையும் முடிச்சுடணும்டா மச்சான்” என்றான். “அப்புறம் உறுமச் சொன்னா என்னால இருமத்தான் முடியும்.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“நோய் இருக்குன்னு இன்னைக்குச் சொல்லிடுறேன். தேதிய இப்பச் சொல்லாத. இப்பவே அழ ஆரம்பிச்சாள்னா அதுவரைக்கும் நிறுத்த மாட்டா. நாள் நெருங்கட்டும்.”

லென்ஸ் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இடி லென்ஸின் வீட்டுக்கு வந்தான். பெரிய அறையில் ஒரு கட்டில், ஒரு சோபா. அதை ஒட்டி, துணி அலமாரியும் ஒரு மேஜையும் போட்டால் நிரம்பிவிடுகிற ஒரு சின்ன அறை. அதுதான் லென்ஸின் ஸ்டுடியோ. சுவரெங்கும் கறுப்பு நுரைத் தகடுகளை ஒட்டியிருந்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டால் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் ஆம்பே கிடையாது. கிட்டாரின் ஒயர் தரையில் வரிசையாகக் கிடக்கும் பெடல்களுக்குள் போகும். அங்கிருந்து ஒரு சின்ன உலோகப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு. மேடையில் ஆள் உயரத்துக்கு நிற்கிற ஆம்பும் ஸ்பீக்கரும் இங்கே திரையில் வெறும் படம். அதன் திருகுகளை மவுஸால்தான் திருப்ப வேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டவனுக்கு மலை சரிகிற சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கம்பியைச் சுரண்டுகிற ‘டிக் டிக்’ மட்டும்தான்.

டிரம்ஸை முன்கூட்டியே சாஃப்ட்வேரில் அடித்து வைத்திருந்தான். இடி அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு, அக்காவின் புடவைகளுக்குள் முகத்தைப் புதைக்கிற மாதிரி மைக்கின் முன் நின்றான். அப்படி நின்றால் எதிரொலி வராது. இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். லென்ஸ் பெடலை மிதித்தான். நான்கு பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் இடி இருமினான், தண்ணீர் குடித்தான், எதையோ சொல்லிச் சிரித்தான், மறுபடி பாடினான். சமையலறையிலிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு அந்தப் பாட்டுகள் பிடித்ததே கிடையாது. அன்றைக்கு முழுக்க நின்று கேட்டாள்.

“எப்படி?” என்றான் இடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“இது வெறும் கோடுடா. இதுக்கு மேலதான் கட்டணும்.”

“எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு?”

“பின்னாடி ‘ங்ங்ங்’னு ஒரு இரைச்சல் கேக்குது பாரு. என் கிட்டார் சேறு மாதிரி இருக்கு. மூணாவது பாட்டுல ரெண்டு எடத்துல தாளத்த விட்டு ஓடுறேன். முதல்ல நான் கிட்டார ஒழுங்கா முடிக்கிறேன். அதுக்கு மேல நீ பாடு. சாகிற வரைக்கும் கேக்கப்போற பாட்டுடா, ஒப்பேத்தக் கூடாது.”

இடிக்கு இந்த விஷயத்தில் லென்ஸ் சொல்வதே வேதம். சரி என்றான்.

மறுநாளிலிருந்து லென்ஸ் கடையிலிருந்து வந்ததும் கை கால் கழுவக்கூட நேரமில்லாமல் அந்த அறைக்குள் நுழைந்தான். டிஸ்டார்ஷன் சத்தத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. திருகை முழுக்கத் திருப்பினால் கேட்கப் பயங்கரமாக இருக்கும், பதிவில் மட்டும் கூழாகிவிடும். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக விழ வேண்டுமென்றால் கிழிசலைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பலம் போய்விடும். பலம் வர வேண்டுமென்றால் ஒரே பாட்டை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் இன்னொன்றை வலது காதுக்கும் அனுப்ப வேண்டும். இரண்டும் இம்மி பிசகாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் இரண்டு பேர் மாடிப்படியில் தடுமாறி இறங்குகிற மாதிரி இருக்கும்.

லென்ஸின் இரண்டு வாசிப்பும் ஒட்டவில்லை. அழித்தான், மறுபடி வாசித்தான். புதுத் தந்தி மாட்டினான். தந்தி தட்டுகிற தடித்த பிக்கால் வாசித்துப் பார்த்தான், மெல்லியதால் பார்த்தான். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இன்னொரு பெடலை வைத்தான், பின்னால் வைத்தான், தூக்கி எறிந்தான், மறுபடி எடுத்து வைத்தான். திரையில் இருந்த ஸ்பீக்கர் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டான். நேற்று அமர்க்களமாக இருந்த சத்தம் இன்றைக்குத் தகர டப்பாவாகக் கேட்டது. அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, விளக்குகளை அணைத்தான், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். திரும்பச் செருக மறந்துவிட்டான். மறுநாள் பால் திரிந்து, கறி நாறி, அவன் மனைவி ஃபிரிட்ஜ் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நல்லவேளை, என்னைப் பிடுங்கி வைக்கல” என்றாள். “நானும் ‘ங்ங்ங்’னு சத்தம் போடுறவதான்.”

அவள் அப்போதெல்லாம் சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள். தம்பியின் நோய் தெரிந்த நாளிலிருந்து குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து சிரிப்பாள்.

இடி தினமும் சாயங்காலம் வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பான். இடையிடையே, “மச்சான், என் முறை எப்ப?” என்பான். “இன்னும் ஒரு டேக்” என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிப்பான் லென்ஸ். ஆஸ்பத்திரித் தேதி நெருங்கியபோது முதல் பாட்டின் இடது பக்கம்தான் முடிந்திருந்தது.

“டேய், தேதிய வேணும்னா கொஞ்சம் தள்ளிக் கேக்கவா?” என்றான் இடி. கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லென்ஸ் திரையில் ஓடிக்கொண்டிருந்த அலைகளைப் பெரிதாக்கி, ஒரு தட்டு எவ்வளவு பிந்தி விழுந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தான். ஹெட்போனின் ஒரு காதை மட்டும் நகர்த்தினான்.

“தள்ளலாமா? டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“கேட்டாத்தானே தெரியும்.”

“ஒரு ரெண்டு மூணு வாரம் கிடைச்சா நல்லாருக்கும்.”

இடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். வீட்டில் ஒரு முக்கியமான காரியம் இருப்பதாகச் சொன்னான். எதிர்முனையில் இருந்த பெண் அவனைத் திட்டாத குறையாக ஏதோ சொன்னாள். கடைசியில் வேறு தேதி கிடைத்தது. அந்தத் தேதியும் அக்காவுக்குச் சொல்லப்படவில்லை.

அடுத்த வாரங்களில் லென்ஸ் வாசித்தது கொஞ்சநஞ்சமல்ல. இடது கைவிரல் நுனிகள் தடித்து வெடித்தன. கடையில் கண்ணாடி தேய்க்கும்போதும் வலது கால் தானாகப் பெடலை மிதித்தது. முன்பெல்லாம் ஒரு தவறான தட்டைக் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது, வெட்கமான உண்மை ஒன்று உண்டு, அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. இதைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை வேறு எதற்கும் நேரமில்லை.

அதை அவன் கண்டுகொள்வதற்கு முன்பே அவன் மனைவி கண்டுகொண்டாள். ஒருநாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

“அவன் வந்து வந்து உக்காந்துட்டுப் போறான். எப்பத்தான் பாட விடுவீங்க?”

“கிட்டார் முடியணும்ல?”

“அது முடியாது.”

“ஏன் முடியாது?”

“நீங்க முடிக்க மாட்டீங்க. முடிச்சா அவன் பாடிடுவான். பாடிட்டா அவன் கத்திக்குப் போயாகணும். அதான் சுத்திச் சுத்தி வரீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?”

“உளறாத” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அன்றைக்கு வாசித்தது எதுவுமே உருப்படியாக வரவில்லை.

ஒரு வழியாக முதல் பாட்டின் கிட்டார் முடிந்தது. கேட்டுப் பார்த்த லென்ஸுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றது சத்தம். ஒரு இரைச்சல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. உடனே இடியை வரச்சொன்னான். புதுத் தேதிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

இடி இளைத்திருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு மைக்கின் முன் நின்றான். லென்ஸ் பாட்டை ஓடவிட்டான். டிரம்ஸ் விழுந்தது, கிட்டார் எழுந்தது, இடி வாயைத் திறந்தான். காற்று வந்தது. குரல் வரவில்லை.

“சூடு பிடிக்கட்டும்” என்றான் இடி. அந்தச் சொற்களே கிசுகிசுப்பாகத்தான் வந்தன.

மறுபடி ஓடவிட்டான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்து பாதியில் அறுந்தது. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. லென்ஸ் மைக்கின் அளவைக் கூட்டினான். பாட்டை நிறுத்தியிருந்ததால் ஹெட்போனில் மைக் மட்டும் கேட்டது. அப்போதுதான் அவன் அதைக் கேட்டான். இடி மூச்சை இழுக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு விசில். நசுங்கிய ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற சத்தம். வெறும் காதுக்குக் கேட்காத அது, ஹெட்போனில் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு இழுத்தது.

லென்ஸ் மைக்கை அணைத்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

“வாடா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எதுக்கு? வியாழக்கிழமை போகத்தானே போறேன்.”

“இப்பவே போலாம். உன் மூச்சு சரியில்ல.”

“நாளைக்குச் சந்தைல என் கணக்க இன்னொருத்தன்கிட்ட ஒப்படைக்கணும். அத முடிச்சுட்டுப் போறேன்” என்று கிசுகிசுத்தான் இடி. கதவுவரை போனவன் திரும்பி, கட்டைவிரலை உயர்த்தி, “கிட்டார் செமடா” என்றான். அதுதான் லென்ஸ் அவன் வாயிலிருந்து கேட்ட கடைசி வார்த்தை.

மறுநாள் காலை சந்தையில், பலகையின் பக்கத்தில் நின்று புது ஏலக்காரனுக்கு ஆட்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, இடி கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தான். முகம் நீலம் பாரித்தது. வழுக்கி விழுந்தான் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மீன் வண்டியிலேயே ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தி ஓட்டினார்கள். அவசரப் பிரிவில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் செருகி மூச்சை மீட்டார்கள்.

லென்ஸும் அவன் மனைவியும் ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வந்தார். கட்டி வளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்திருக்கிறது, பாதியை விட்டுவைப்பது என்ற பேச்சுக்கே இனி இடமில்லை, குரல்பெட்டி முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார்.

“முன்னாடியே வந்திருந்தா, சார்?” என்று கேட்டாள் அவள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு இருந்துச்சு.”

அவர் போன பிறகு பக்கத்திலிருந்த நர்ஸ், ஆதங்கம் தாங்காமல் சொன்னாள். “மாச ஆரம்பத்துலயே தேதி கொடுத்தோமே அக்கா. அவர்தான் போன் பண்ணி, வீட்டுல முக்கியமான காரியம் இருக்குன்னு தள்ளிப்போட்டார். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

அவள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் அவன் முகமே சொல்லிவிட்டது.

“உனக்குத் தெரியுமா?” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ‘நீ’ என்று சொன்னதில்லை.

“தெரியும்.”

“அந்த முக்கியமான காரியம் உன் கிட்டாரா?”

“அவன்தான் கேட்டான், தள்ளலாமான்னு. நான்...”

“நீ என்ன சொன்னே?”

“ரெண்டு மூணு வாரம் கிடைச்சா நல்லாருக்கும்னேன்.”

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் எழுந்து நடையின் மறுகோடிக்குப் போய், வேறொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அறுவைச் சிகிச்சை முடிகிறவரைக்கும் அங்கேயேதான் இருந்தாள். நடுவில் யாரோ அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவன் கொண்டுபோய்க் கொடுத்த பாட்டில் தரையில் அப்படியே இருந்தது.

இடி பிழைத்தான். கழுத்தின் அடியில் காசு அளவுக்கு ஒரு ஓட்டை. அதில் ஒரு வளைந்த குழாய். இனி மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. செல்போனில் தட்டிக் காட்டுவான். தாடையில் அழுத்திப் பிடித்துப் பேசுகிற ஒரு மின்கருவியை ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டார்கள். அதில் எது சொன்னாலும் கொசு ரீங்காரம் மாதிரி ஒரே சுருதியில் வந்தது.

தன் வீட்டுக்குத் திரும்பிக் கொஞ்சம் தேறியதும் ஒரு சாயங்காலம் அவனாகவே வந்து அந்தச் சின்ன அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். தாடையில் கருவியை வைத்து, டிஸ்டார்ஷன் பெடலைக் காட்டினான். அதன் வழியாகப் பேசிப் பார்க்கலாம் என்பது அவன் எண்ணம். லென்ஸ் மைக்கைப் பெடலில் செருகினான். இடி கருவியை அழுத்தி வாயசைத்தான். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஸ்டார்ட் ஆகாமல் உதைபடுகிற சத்தம் வந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இடியின் சிரிப்பில் சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது, குழாயில் காற்று புஸ் புஸ் என்றது. அது எப்போது அழுகையாக மாறியது என்று லென்ஸுக்குத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இடி போனில் தட்டிக் காட்டினான்: ‘முதல் நாள் பாடினது இருக்கா?’

இருந்தது. திரையின் அடியில் ஒரு மூலையில், ஒலியை நிறுத்தி வைத்திருந்தான். லென்ஸ் அதைத் தேடி எடுத்து, தன் புது கிட்டார்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஓடவிட்டான்.

அந்தக் குரல் அறையை நிறைத்தது. பலகை மேல் நின்று கொட்டகையையே கலக்குகிற குரல், அடியில் சேறாகக் குழம்பிய ஒற்றைக் கிட்டாரின் தலை மேல் ஏறி நின்று உறுமியது. மூன்றாவது பாட்டில் கிட்டார் தாளத்தை விட்டு ஓடியபோது குரல் அதை விரட்டிப் பிடித்து இழுத்து வந்தது. கேட்கிறவனுக்கு அதுதான் பாட்டின் உச்சமாகப் பட்டது. இரண்டு பாட்டுக்கு நடுவில் இடியின் இருமல். அப்புறம், “மச்சான், என் மீன் நாத்தத்துக்கு உன் ரூம் கொடுத்து வச்சிருக்கணும்டா.” அதைத் தொடர்ந்து லென்ஸின் சிரிப்பு.

அவன் மனைவி எப்போது வந்தாளோ, வாசல்படியிலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நான்கு பாட்டும் முடிந்தன. இடி தட்டினான்: ‘இதுலயே முடிஞ்சிருக்குடா.’

“இரைச்சல்...” என்றான் லென்ஸ். அவனுக்கே அந்தச் சொல் கேவலமாக இருந்தது.

‘கேக்கவே இல்ல.’

லென்ஸுக்கும் கேட்கவில்லை. அதுதான் அவனை உடைத்துப் போட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலை முடிந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, தேதி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். பாதித் தொண்டையோடு திரும்பி வந்து, இடி இப்போது கரகரத்த குரலில் அவனை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்துகொண்டிருப்பான். லென்ஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்தான்.

இடி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். போனை மூக்குக்கு நேராக நீட்டினான். ‘நானும்தான் தள்ளிப்போட்டேன். எனக்கும் பயம். உன் மேல பழியப் போட்டு நான் தப்பிச்சுக்கிட்டேன். விடு.’

லென்ஸ் போனை வாங்கி மனைவியிடம் நீட்டினான். அவள் படித்தாள். தம்பியின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“நீ மன்னிக்கலாம்டா. உன் தொண்டை” என்றாள். “எனக்கு இருந்தது ஒரே தம்பி. அவன் என்னை ‘அக்கா’ன்னு கூப்பிடுவான்.”

எழுந்து போய்விட்டாள்.

அடுத்த பரிசோதனையில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். தனியாக விட முடியாது என்று ஆனபோது அவள் கணவனிடம், “அந்த ரூமக் காலி பண்ணணும்” என்று மட்டும் சொன்னாள். அவன் அன்றைக்கே பெடல்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். கம்ப்யூட்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். நுரைத் தகடுகளைச் சுரண்டி எடுத்தபோது சுவரின் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. அலமாரியை வெளியே நகர்த்திவிட்டு, ஜன்னலோரமாக இடிக்குக் கட்டில் போட்டான். சளி உறிஞ்சும் மிஷின் ஒன்று வாடகைக்கு வந்தது. அதன் இரைச்சல் பகலெல்லாம் வீட்டில் இருந்தது.

கழுத்துக் குழாயைத் தினமும் காலையில் கழற்றி, உள்ளே அடைத்திருக்கும் சளியைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அலசி, ஓட்டையைச் சுற்றிப் புண்ணாகாமல் துடைத்து, மறுபடி செருக வேண்டும். நர்ஸ் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாள், அவனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவள் தம்பியின் கழுத்துக்குள் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதனால் அது லென்ஸின் வேலை ஆயிற்று. கடைக்குப் போகுமுன் செய்துவிட்டுப் போவான். இடி தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். வலித்தால் லென்ஸின் மணிக்கட்டைப் பிடிப்பான். இருமல் வந்தால் ஓட்டையிலிருந்து சளி தெறித்து லென்ஸின் முகத்தில் படும். இடி உதட்டை அசைத்து ஏதோ கெட்ட வார்த்தை சொல்வான். லென்ஸ் அதைப் படித்துப் பதிலுக்கு ஒன்று சொல்வான்.

மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் சொன்ன வாரத்தில் இடிக்குச் சளி கெட்டியாக வந்தது, ரத்தம் கலந்து. அன்று காலை குழாய் லேசில் சுத்தமாகவில்லை. பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப விட்டுத் தேய்த்தான். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், சட்டென்று செருகினான்; அதற்குள் இடி மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்திருந்தான். குழாய் சரியாக உட்கார்ந்தது. ஒரு இருமலில் சளி லென்ஸின் முகத்தில் தெறித்தது; காற்று போய் வந்தது. இடி ஆசுவாசமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் மனைவி கட்டிலின் மறுபக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாட்களாக அவள் அவனோடு பேசியதெல்லாம் மருந்து, வாடகை மிஷின், ஆஸ்பத்திரி வண்டி என்பதற்கு மேல் போகவில்லை; ‘நீங்க’ என்ற சொல் அந்த ஆஸ்பத்திரி நடையோடு நின்றுபோயிருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ரத்தம் நூல் நூலாகப் பரவியிருந்தது. அவள் குனிந்து கிண்ணத்தை எடுத்தாள்.

“முகத்தத் துடைச்சுக்கோங்க” என்றாள். “வேற தண்ணி கொண்டு வரேன்.”